தும்மல் மாத்திரை

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மாத்திரையில்தான் வந்து நிற்கிறது. சர்க்கரைக்கு என்ன போடுகிறாய், பிரஷருக்கு என்ன போடுகிறாய். போன வாரம் பூங்காவில் நம் தோழி ஒருத்தி, தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். "அலர்ஜிக்கு. ராத்திரி ஒண்ணு போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம்" என்று மிட்டாய் கொடுக்கிற மாதிரி எனக்கும் ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அவளிடம் மழுப்பியதை உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதையும் நிதானமாகச் சொல்ல வராது, அங்கங்கே தாவுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பெருமாள்மலையில், ரோட்டு வளைவுக்குக் கீழே. ஓடு போட்ட இரண்டு அறை. அப்பா பஸ் டிரைவர். கொடைக்கானலிலிருந்து மலை இறங்கி வத்தலக்குண்டு போய்த் திரும்புகிற தனியார் வண்டி. மூக்கு நீண்ட பழைய வண்டி. காலையில் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் இருமிக்கொண்டே உயிர் வரும். டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி வெளியே ஒரு பித்தளை ஹாரன், அதன் பின்னால் ரப்பர் பந்து. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பா ஒவ்வொரு மாதிரி அமுக்குவார். மாலையில் வண்டி கீழே ஊத்து என்கிற ஊரைத் தாண்டி ஏறும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா உலை வைப்பாள். அந்த ஹாரன் சத்தம் இப்போது உலகத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறதா, தெரியவில்லை.

அறுபதுகளின் ஆரம்பம். மாநிலம் முழுக்க மதுவிலக்கு. எனக்குப் பத்து வயசுக்குள். வகுப்பில் டீச்சர் கேள்வியை முடிக்குமுன் கையைத் தூக்குகிற ஜாதி நான். பதில் தெரியுமா என்பதை அப்புறம் யோசிப்பேன்.

அப்பாவிடம் ஒரே ஒரு குறை. தை பிறந்து வாட்டில் மரங்கள் பூத்ததும் தும்மல் ஆரம்பிக்கும். மலைச்சரிவு பூரா மஞ்சளாகிவிடும். பட்டணத்துக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு அந்தப் பூவை ஒடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் குடத்துத் தண்ணீர் மேல் மஞ்சள் பொடி மிதக்கும். வண்டிக் கண்ணாடியைத் துடைத்தால் துணி மஞ்சளாகும். அப்பா விடியற்காலையில் எழுந்து கதவைத் திறந்தால் முதல் தும்மல். அப்புறம் அவரால் நிறுத்த முடியாது. மூக்கு சிவந்து, கண் வீங்கி, யாரோ அடித்துவிட்டுப் போன மாதிரி முகம்.

தும்மலால் உடம்புக்கு வந்த கஷ்டத்தைவிட வேலைக்கு வந்த கஷ்டம் பெரிது. பிரயாணம் கிளம்பும்போது ஒருத்தர் தும்மினால் நம் ஜனம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். டிரைவரே தும்மினால்? பரிசம் போடக் கிளம்பிய ஒரு கூட்டம், அப்பா கியர் போடும்போது தும்மினார் என்று தாம்பாளத் தட்டுகளோடு மொத்தமாக இறங்கிவிட்டது. "இன்னிக்குப் போற காரியம் வெளங்காது, எறங்குங்கடா" என்று அந்தப் பெரியவர் சொன்னதைக் கண்டக்டர் மாமா எங்கள் வீட்டில் நடித்தே காட்டினார். கண்டக்டர் மாமாவுக்கு எல்லாமே வேடிக்கை. "அண்ணே, நீங்க விசில் அடிக்க வேண்டாம்னு என்னை வச்சிருக்காங்க. தும்முறதுக்கும் தனியா ஒரு ஆள் போடச் சொல்லணும்" என்பார்.

முதலாளிக்கு வேடிக்கையாக இல்லை. அவர் வத்தலக்குண்டில் இருந்தார். அப்பாவைக் கூப்பிட்டு, "ஒண்ணு தும்மல் நிக்கணும், இல்லே நீ நிக்கணும்" என்றார்.

அம்மா தைலம் தேய்த்தாள். மிளகைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் பிடிக்க வைத்தாள். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாள். எதற்கும் தும்மல் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். தும்மலுக்கு ஆஸ்பத்திரியா என்று அவருக்கு வெட்கம்.

அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தவர். அம்மா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் மரத்தைக் காட்டினார். "உமது கணவருக்கு அந்த மலர்த்தூள் ஒத்துக்கொள்வதில்லை. இதற்கு அலர்ஜி என்று பெயர். இம்மாத்திரை தும்மலை நிறுத்தும். நல்ல நித்திரையும் தரும். இரவில் மாத்திரம் ஒன்று கொடும்" என்றார். காகிதப் பொட்டலத்தில் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "ஜெபம் படிக்கிற மாதிரியே பேசுது மகராசி. நித்திரையும் குடுக்குமாம்டி! தும்மித் தும்மி அந்த மனுசன் தூங்கி எவ்வளவு நாளாச்சு."

நித்திரை என்பதை அம்மா வரமாக எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது எச்சரிக்கை. அந்தப் புத்தகத் தமிழில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

அன்று ராத்திரி அப்பா ஒன்று போட்டார். மறுநாள் கண்டக்டர் மாமா வந்து கதவை இடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. "தலை பஞ்சு மூட்டையாட்டம் கெடக்கு. இந்தச் சனியன் எனக்கு வேணாம். தூக்கிக் கெடாசு" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினார். ஆனால் அன்று காலை அவர் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. அம்மா கவனித்தது அதை மட்டும்தான்.

கருப்பட்டிக் காப்பி கசப்பை மறைக்கும். இரண்டு நாள் கழித்து வெள்ளனே நான் எழுந்து அடுப்படிக்குப் போனபோது, அம்மா பாதி மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மறைத்தாள். பிறகு, இவளிடம் என்ன மறைக்க என்று நினைத்தாளோ என்னவோ, "ஏத்தா, அப்பாகிட்ட வாயைத் தொறக்காதே. வேலை நெலைக்கணும்ல?" என்றாள்.

"தூக்கம் வருமே அம்மா?"

"ராத்திரி போட்டா ராத்திரி வேலையைச் செய்யும், பகல்லே போட்டா பகல் வேலையைச் செய்யும். படுத்தாத்தானே தூக்கம் வரும்? வண்டி ஓட்டுறவருக்கு எங்கிட்டிருந்து வரும்?"

எனக்கு அது நல்ல விஞ்ஞானமாகவே பட்டது.

பாதி பாதியாகப் போட்ட நாட்களில் தும்மல் குறைந்தது. அப்பா சந்தோஷமாக இருந்தார். "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நின்னுருச்சு" என்று அம்மாவையே கேலி செய்தார். அம்மா சிரித்தாள். அப்புறம் ஒரு நாள் பலமான காற்று. ராத்திரி பூராவும் பூ கொட்டியிருந்தது. அப்பா சவரம் பண்ணும்போதே தும்ம ஆரம்பித்துக் கன்னத்தில் கீறிக்கொண்டார். அம்மா பயந்துபோய் அன்று முழுசாக இரண்டு மாத்திரை நசுக்கினாள்.

டம்டம் பாறைக்குக் கீழே வண்டி கைப்பிடிச் சுவரில் இடித்து, கொஞ்ச தூரம் அதை உரசிக்கொண்டே போய், முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்க, நின்றது. யாரும் சாகவில்லை. ஒரு தாத்தாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. கண்டக்டர் மாமாவுக்கு உதடு கிழிந்தது. கூரை மேலிருந்த ஆரஞ்சுக் கூடைகள் சரிந்து பழங்கள் எல்லாம் மலை இறங்கி ஓடினவாம். அதையும் மாமா பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் போலீஸ் ஏட்டையாவிடம் மாமா சொன்னதில் வேடிக்கை இல்லை: "கண்ணு சொருகிருச்சுங்க. நாக்கு கொழறிச்சு. ரெண்டு வளைவா நான் கூப்பிட்டுக்கிட்டேதான் வந்தேன்." அவர் பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

ஏட்டையா அப்பாவை வாயை ஊதச் சொன்னார். தைல வாசனை அடித்தது. "நாத்தம் தெரியக்கூடாதுன்னு தைலத்தைப் பூசியிருக்கான்" என்றார். அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எங்கள் வீடு மாட்டிக்கொண்டது.

"என்னய்யா, மருந்து சாப்பிட்டியா?"

கள்ளுக்கடை, சாராயக்கடை மூடிக் கிடந்த காலத்தில் குடிக்கிறவர்கள் டிஞ்சர் வாங்கிக் குடித்தார்கள். அதற்கு ஊரில் வைத்த பெயர் மருந்து. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் இடித்த அதிர்ச்சி, தலைக்குள் பஞ்சு மூட்டை, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு தடவைதாங்க. அதுவும் தும்மலுக்கு. ஒத்துக்கலை, விட்டுட்டேன்."

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்களாம். குடிகாரன் சொல்கிற வார்த்தை அச்சு அசலாக அதுதானே.

முதலாளி கேஸ் இல்லாமல் பார்த்துக்கொண்டார், வண்டியின் பேர் கெடக்கூடாதென்று. ஆனால் "குடிகாரன் என் வண்டியிலே ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அப்பாவை மலையில் எந்த வண்டிக்காரரும் எடுக்கமாட்டார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அப்பா வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டே இருந்தார். வேண்டியதற்கு மேல் பிளந்தார். வேறு டிரைவர் ஓட்டிக்கொண்டு அந்த வண்டி மேலே போகும். ஹாரனைத் தப்புத் தப்பாக அமுக்குவான். அப்பா கோடாலியை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை தரையையே பார்ப்பார். "நான் என்ன செஞ்சேன், எனக்கே தெரியலையே" என்று ஒரு தடவை தனக்குத்தானே சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே நுழைந்ததும் பின்வரிசையில் ஒருத்தி "ஹச்!" என்பாள். உடனே வகுப்பு மொத்தமும் "ஹச்! ஹச்!" "ஏய், உங்கப்பா என்ன மருந்துடி சாப்பிட்டாரு?" "தும்மல் மருந்துடி!" டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். நான் கை தூக்குவதை விட்டேன். தெரிந்த கேள்விக்குக்கூட.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். தெருவிலேயே பால் தீய்ந்த நாற்றம். அடுப்படியில் அம்மா சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. பகலில் அம்மா கண்மூடி நான் பார்த்ததே இல்லை, காய்ச்சலில்கூட. உலுக்கினேன். கஷ்டப்பட்டு இமையைத் தூக்கினாள். பக்கத்தில் காப்பித் தம்ளர், கரண்டி.

"நானும் ரெண்டு போட்டுப் பாத்தேன்டி" என்றாள் குழறலாக. "படுக்கக்கூட இல்லை. நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்." கரி பிடித்த பாத்திரத்தைப் பார்த்தாள். "என்னையே இந்தப் பாடு படுத்துதுன்னா... நாந்தான். நாந்தான் அவரைக் கவுத்தேன்."

அன்றைக்கே பின்பக்கம் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் கதவு இடுக்கில் நின்றேன். அப்பா கோடாலியைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்த மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து பெரிதாக மூச்சு விட்டார். தான் பைத்தியமில்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி ஒரு மூச்சு.

"வெளியே யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

"சொல்லாம எப்படிங்க? உங்க பேரு..."

"என் பேரு போனது போகட்டும். உன்னை என்னன்னு சொல்லுவாங்க, யோசிச்சியா? புருசன் காப்பியிலே மருந்து கலந்தவள்னு சொல்லுவாங்க. எந்தங்கச்சி காதுக்குப் போச்சுன்னா போதும்."

நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பேரப் பிள்ளைகள் யாராவது படித்தால்: புருஷனைத் தன் பேச்சுக்கு ஆட்டுவிக்கப் பொண்டாட்டி சோற்றில் வைக்கிறதாகச் சொல்வார்களே, அதற்கும் மருந்து என்றுதான் பெயர். "மருந்து வச்சவ" என்று ஒருத்திக்குப் பெயர் வந்தால் அவள் கையால் யாரும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கச்சி, பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தாள். அப்பா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், அம்மாவை வாங்க போங்க என்றுகூட விளையாட்டாகக் கூப்பிடுவார். அத்தைக்கு அது பொறுக்காது. "எங்கண்ணனுக்கு என்னத்தைக் குடுத்து இப்படி மடக்கினாளோ" என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவாள்.

ஆகவே இரண்டில் ஒன்று. அப்பா குடிகாரன் அல்லது அம்மா மருந்து வச்சவ. டாக்டரம்மாவைக் கூட்டிவந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அம்மா போனாள். அவர் லீவில் சொந்த நாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டாராம்.

முதலாளி கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் காரை நிறுத்தி டீ குடிப்பது வழக்கம். அம்மா அதற்காகக் காத்திருந்தாள். அவர் வந்தார் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறினாள். அப்பா "ஏய், வேணாம், கேளு" என்று பின்னாலேயே வந்தார். நான் அவர்களுக்கும் பின்னால்.

டீக்கடை வாசலில் நல்ல கூட்டம். கண்டக்டர் மாமாவும் இருந்தார்.

"ஐயா, அவர் குடிக்கலைங்க. நாந்தாங்க காப்பியிலே மாத்திரையைக் கலந்து குடுத்தேன். அவருக்குத் தெரியாது. தும்மலுக்கு ஆஸ்பத்திரியிலே குடுத்த மாத்திரைங்க. அதுதான் தூக்கிப் போட்டுருச்சு."

முதலாளி கிளாசைக் கீழே வைத்தார். "என்ன தாயி சொல்றே? புருசனுக்குத் தெரியாம கலந்தியா?"

"ஆமாங்க. இந்தா பாருங்க, இதுதான்..."

அவர் ஒரு அடி பின்வாங்கினார். "அதை இந்தப் பக்கம் காட்டாதே, அங்கிட்டு வை!" என்று கையை ஆட்டினார். கடைக்காரர் சட்டென்று பால் பாத்திரத்தை மூடினார். அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பற்றிக்கொண்டது. முதலாளியும் சிரித்துவிட்டார், முகம் தெளிந்துவிட்டது.

"அடப்பாவி மனுசா! பொண்டாட்டி மருந்து வச்சுட்டாளா? இதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நான் உன்னைக் குடிகாரன்னுல்ல நெனைச்சேன்." அப்பா பக்கம் திரும்பினார். "உள்ளதாய்யா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். மாத்திரைதாங்க, டாக்டரம்மா குடுத்ததுங்க, நானே ஒரு தடவை போட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். இவ்வளவு வருஷமாக அந்த வாக்கியத்தை அவருக்காக நான் தயார் செய்துகொண்டே இருக்கிறேன். நீளமான வாக்கியம்கூட இல்லை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றார்.

"குடிக்கலேல்ல? எனக்கு அது போதும். நாளைக்கு வண்டியை எடு. ஒண்ணு மட்டும் சொல்றேன், காப்பியைக் கடையிலே குடிச்சுக்க!"

மறுபடி சிரிப்பு. "அண்ணே, தப்பிச்சீங்க" என்று கண்டக்டர் மாமா அப்பாவின் தோளில் தட்டினார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். அம்மா பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் செருகினாள், வெளியே எடுத்தாள், மறுபடி செருகினாள். நான் கார் மறைவில் நின்றிருந்தேன். அம்மாவிடம் ஓடிப் போகவில்லை. குடிகாரன் மகள் என்றால் எல்லாப் பழியும் என் மேலேயும் சேரும், இதுவானால் அம்மா ஒருத்தியோடு போய்விடும் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியின் ருசியை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

மறுநாள் அப்பா வண்டி எடுத்தார். எஞ்சின் பக்கத்தில் முன்சீட்டில் என்னை உட்காரவைத்து ஊத்து வரைக்கும் கூட்டிப்போனார். எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் தெரியுமா. வீட்டு வாசலில் அம்மா நின்றாள். கையாட்டினாள். நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? வந்து இறங்கினாள். அழுதாள், மண்ணை வாரித் தூற்றினாள். "அப்பவே சொன்னேன்ல? யாராவது கேட்டீங்களா?" அம்மா, "தும்மல் மாத்திரைதான் நாத்தி, ஆஸ்பத்திரி மாத்திரை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆமா, தும்மலுக்கு! வாய் கூசலை?" என்றாள் அத்தை. அப்பாவை அடிவாரத்துக்குப் பக்கம் வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிற ஆள் ஒருத்தனிடம் கூட்டிப்போனாள். அப்பா போகமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனார்.

என்னத்தையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தானாம். மயிரும் கறுப்புப் பிசினும் சுருண்ட ஒரு உருண்டையைக் காட்டி, இதுதான் என்றானாம். அத்தை அதை ஊரெல்லாம் வர்ணித்தாள். திரும்பி வந்தபோது அப்பா வெளிறிப்போயிருந்தார். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பசிக்கலை என்றார். பார்த்துக்கொண்டிருந்த அத்தை தன் பையிலிருந்து பொரியை எடுத்துக் கொடுத்தாள். அதைச் சாப்பிட்டார்.

அதற்குள் பங்குனி வெயில் ஏறிவிட்டது. வாட்டில் பூ கருகிக் கொட்டிப்போயிற்று. தும்மலும் நின்றது, வருஷா வருஷம் நிற்கிற மாதிரி. ஆனால் அந்த வருஷம் ஊர் சொன்னது: மருந்தை எடுத்தாங்க, தும்மல் போச்சு பாத்தியா. நான் அப்பாவிடம் ஒரு தடவை, "பூ போச்சுல்லப்பா, அதான்" என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, "சோலியைப் பாரு, போ" என்றார்.

அம்மா மட்டும் விடவில்லை. குழாயடியில் யாராவது முகத்தைத் திருப்பினால் நேராகப் போய், "அக்கா, அது தும்மல் மாத்திரை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியிலே போய்க் கேளு" என்பாள். கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்தால் பக்கத்து ஆள் மெல்ல நகர்ந்து உட்காருவாள். அவளிடமும் சொல்வாள். எனக்குச் சங்கடமாக இருக்கும். "சும்மா இரும்மா" என்பேன். "ஏன் சும்மா இருக்கணும்? உள்ளதைத்தானே சொல்றேன்" என்பாள்.

சித்திரையோ வைகாசியோ, ஒரு சாயங்காலம். பின்வாசல் வழியாக ஒரு பெண் வந்தாள். வடகவுஞ்சியிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னாள். தலையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், கால் முழுக்கச் செம்மண். அம்மாவைவிடச் சின்னவள். சுற்றிலும் பார்த்துவிட்டு, பழத்தை அம்மா காலடியில் வைத்தாள்.

"அக்கா, நீங்கதானே டிரைவர் வீட்டம்மா?"

"ஆமா. என்ன வேணும்?"

"எம் வீட்டுக்காரர் தாண்டிக்குடித் தோட்டத்துப் பக்கம் ஒருத்தி வீடே கதின்னு கெடக்காருக்கா. பிள்ளை மொகத்தைக்கூடப் பாக்க வரலை. நீங்க அண்ணனுக்கு வச்சீங்கல்ல..." குரலை இறக்கினாள். "எனக்கும் கொஞ்சம் குடுங்க."

அம்மா அந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்தாள். கோபப்படவில்லை. வழக்கமான வார்த்தையை மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "ஏ புள்ள, நீ நெனைக்கிறது இல்லை அது. தும்மலுக்குப் போடுற மாத்திரை. ஆளைத் தூங்க வைக்கும், அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் செய்யாது."

அவள் அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புரிந்துகொண்டவளாகத் தலையை ஆட்டினாள்.

"சரிக்கா. யார் கேட்டாலும் நானும் தும்மலுக்குன்னே சொல்லிக்கிறேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தாள், அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். அந்த நேரம் வேலை முடிந்து அப்பா பின்வாசலுக்கு வந்தார், கை கால் கழுவ. அந்தப் பெண் பதறி எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அப்பா யார் என்பது போலப் பார்த்தார். அவளுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, கேட்டேவிட்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. காப்பியிலே கலந்தப்போ உங்களுக்குக் கசந்துச்சா? தெரிஞ்சுதா?"

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். டீக்கடை வாசலில் பார்த்தாளே, அதே மாதிரி. இப்போது முதலாளி இல்லை, கூட்டம் இல்லை. நாங்கள் மூன்று பெண்கள் மட்டும்தான் இருந்தோம். போன வேலையும் திரும்பக் கைக்கு வந்திருந்தது.

அப்பா செம்பை எடுத்துக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்.

"தெரியலைம்மா" என்றார். "ஒண்ணுமே தெரியலை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் பழத்தை விட்டுவிட்டுப் போனாள். குழாயடியில் மறுநாள் ஒருத்தி குடத்தை நகர்த்திக்கொண்டாள். அம்மா தன் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். அது தும்மல் மாத்திரை என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் சாகிறவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.